கயிறு அறுவதற்கு முன்னே

(நம் சங்கத்தின் பொன்விழாக் குடும்ப நாளில் ஆற்றிய உரை. மலருக்காகச் சற்றுச் சுருக்கப்பட்டது.)





எனக்குக் கொடுத்த நேரம் இருபது நிமிடம். கொல்லைப் பக்கத்தில் பிரியாணிச் சட்டிக்குத் தம் போட்டாகிவிட்டது என்று இப்போதுதான் சொன்னார்கள். அதைத் திறக்கும் முன் முடித்துக்கொள்கிறேன், இன்ஷா அல்லாஹ்.

மேசைமேல் இருக்கும் இந்த இரும்புத் துண்டைப் பாருங்கள். ஒரு முழம்கூட இருக்காது. நாக முலாம் பூசிய குழாய். நடுவில் இரண்டு விரல் நுழையும் அளவுக்கு ஓட்டை. விமான நிலையத்தில் சுங்க அதிகாரி இதைக் கையில் எடுத்து, "என்ன பாக்சிக், பழைய இரும்பு வியாபாரமா?" என்று கேட்டார். "இல்லை, இது என் தாயார் பெயரில் செய்த தர்மம்" என்றேன். அவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டுப் போகச் சொன்னார். இந்தத் துண்டின் கதையைச் சொல்லத்தான் வந்திருக்கிறேன்.

இங்கே இருக்கும் மூத்தவர்களுக்கு எங்கள் அத்தாவைத் தெரியும். புக்கிட் ரோத்தான் பக்கத்தில் ஒரு ரப்பர் தோட்டத்தில் மளிகைக் கடை வைத்திருந்தார். இராமநாதபுரம் சீமையிலிருந்து வந்தவர். அந்தச் சீமையைப் பற்றி உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஊருணி வற்றிவிட்டால் மணலைத் தோண்டி, ஊறுகிற தண்ணீரைச் சிரட்டையால் மொண்டு குடத்தை நிரப்பும் ஊர். எங்கள் அம்மா பதினெட்டு வயது வரை அப்படித்தான் தண்ணீர் எடுத்தார். கல்யாணமாகி இங்கே வந்து இறங்கிய அன்று மழை கொட்டியதாம். கூரையிலிருந்து விழுந்து வாய்க்காலில் ஓடிய தண்ணீரைப் பார்த்து, "இவ்வளவும் வீணாப் போகுதே" என்று அழுதாராம். அத்தா இதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார்.

அந்தக் காலத்தில் லயத்துக்குப் பொதுக் குழாய்தான். காலையில் கொஞ்ச நேரம், மாலையில் கொஞ்ச நேரம் திறப்பார்கள். பால்மரம் வெட்டப் போன பெண்கள் திரும்பி வருவதற்குள் குழாய் நின்றுவிடும். எங்கள் கடைக்குப் பின்னால் ஒரு கிணறு இருந்தது. குழாய் நின்ற பிறகு லயத்துப் பெண்கள் அங்கே வருவார்கள். பிள்ளையார் கோயில் பூசாரியின் மனைவி வருவார், மண்டோர் வீட்டம்மா வருவார், புதிதாக வந்த ஆள் யாரென்று தெரியாதவர்களும் வருவார்கள். அம்மா யாரிடமும் எதுவும் கேட்டதில்லை. ஆனால் மாதம் தவறாமல் ஒரு வேலை செய்வார். கிணற்றுக் கயிற்றை முழுவதும் வெளியே இழுத்துப் போட்டு, கண்ணாடி போட்டுக்கொண்டு, ஒவ்வொரு பிரியாகத் தடவிப் பார்ப்பார். எங்கேயாவது நைந்திருந்தால் அத்தாவிடம் புதுக் கயிறு கேட்பார். "இன்னும் ஒரு மாசம் தாங்கும்" என்பார் அத்தா. கடைக்காரர் அல்லவா! அம்மா சொல்வார்: "அறுந்த பிறகு மாத்துனா வாளி கிணத்துக்குள்ள கிடக்கும். அன்னைக்கு வந்தவ வெறுங்குடத்தோட திரும்பிப் போவா. கயிறு அறுவதற்கு முன்னே மாத்தணும்."

அந்தக் கிணற்றில் யார் பெயரும் எழுதியிருக்கவில்லை.

2011இல் அம்மா வஃபாத்தானார்கள். பிள்ளைகள் நாங்கள் ஐந்து பேர். அவர் பெயரில் நிலையான தர்மம் ஒன்று செய்ய வேண்டும் என்று பேசினோம். நம் எல்லோருக்கும் தெரிந்த வரலாறுதான். சஅத் இப்னு உபாதா ரலியல்லாஹு அன்ஹு அவர்கள், தாயார் இறந்த பிறகு எந்தத் தர்மம் சிறந்தது என்று நபிகள் நாயகம் ஸல்லல்லாஹு அலைஹி வஸல்லம் அவர்களிடம் கேட்டார்கள். தண்ணீர் என்று பதில் வந்தது. தாயார் பெயரில் கிணறு வெட்டினார்கள். நாங்களும் அதையே செய்வோம் என்று முடிவெடுத்து, 2014இல் ஓர் அமைப்பு வழியாகப் பணம் கட்டினோம். கிழக்கு உகாண்டாவில் ஒரு கிராமத்தில் ஆழ்துளைக் கிணறு தோண்டிக் கைப்பம்பு போட்டார்கள். படம் வந்தது. பம்பு, அதைச் சுற்றிச் சிரிக்கும் குழந்தைகள், பக்கத்தில் ஒரு பளிங்குப் பலகை. பலகையில் அம்மாவின் பெயர், கீழே எங்கள் ஐந்து பேரின் பெயர். படத்தைச் சட்டம் போட்டு ஹாலில் மாட்டினேன். பெருநாளைக்கு வருகிறவர்களுக்கெல்லாம் காட்டினேன். உங்களில் பலர் பார்த்திருக்கிறீர்கள்.

செம்பனை ஆலையில் 31 ஆண்டுகள் ஃபிட்டராக வேலை செய்துவிட்டு 2016இல் ஓய்வு பெற்றேன். இரண்டு ஆண்டு கழித்து, அம்மா கிணற்றை ஒரு முறை கண்ணால் பார்த்துவிட வேண்டும் என்று கிளம்பினேன். கம்பாலாவிலிருந்து கிழக்கே போகும்போது ஜின்ஜா என்ற ஊர் வருகிறது. நைல் நதி விக்டோரியா ஏரியிலிருந்து புறப்படும் இடம் அது. அதைத் தாண்டினால் ககீரா. குஜராத்திலிருந்து போன மத்வானி குடும்பத்தின் கரும்புத் தோட்டம். சாலையோரம் வரிசை வரிசையாகத் தொழிலாளர் வீடுகள். எனக்கு நம் லயத்துக்கே திரும்பி வந்த மாதிரி இருந்தது. வழியெல்லாம் பெண்களும் பிள்ளைகளும் மஞ்சள் தொங்கில் தண்ணீர் சுமந்து போகிறார்கள். ஒவ்வொன்றும் 20 லிட்டர், அதாவது 20 கிலோ. அவை முன்பு சமையல் எண்ணெய் வந்த தொங்குகள். கிழக்கு ஆப்பிரிக்கா வாங்கும் பாமாயில் பெரும்பாலும் மலேசியாவிலிருந்தும் இந்தோனேசியாவிலிருந்தும்தான் போகிறது. நான் 31 வருடம் பிழிந்த எண்ணெய் போன வழியில்தான் இவர்கள் தண்ணீர் சுமக்கிறார்களோ என்று நினைத்துக்கொண்டேன்.

கிராமத்துக்குப் போய்ச் சேர்ந்தோம். பலகை அப்படியே இருந்தது. பளபளவென்று, ஓர் எழுத்துக்கூட அழியாமல். பம்பின் கைப்பிடியைப் பிடித்து அழுத்தினேன். பஞ்சு மாதிரி இறங்கியது. ஃபிட்டர் வேலை பார்த்தவனுக்கு அது போதும். தண்ணீரின் கனம் கையில் தெரிய வேண்டும். கனம் இல்லையென்றால் உள்ளே கம்பி கழன்றிருக்கும், இல்லை குழாய் போயிருக்கும். "எத்தனை நாளாக?" என்று கேட்டேன். ஒன்றரை வருடமாம். அதற்கு முன்பே தண்ணீர் சிவப்பாக வரத் தொடங்கியதாம். துணியில் கறை, சோற்றில் இரும்பு வாடை. பிறகு அதுவும் நின்றுபோய், பழையபடி சதுப்புக் குட்டைக்கே போய்விட்டார்கள். "யாரிடமாவது சொன்னீர்களா?" என்று கேட்டேன். மொழிபெயர்த்த தம்பி தயங்கிவிட்டுப் பலகையைக் காட்டினார். எங்கள் ஐந்து பேரின் பெயரும் இருந்தது. பம்பு கெட்டால் யாரைக் கூப்பிடுவது என்று ஒரு தொலைபேசி எண் மட்டும் இல்லை.

அங்கே ஒரு பாட்டி கேட்டார்: "பலகையில் இருப்பது உன் தாயா? அவர் தண்ணீர் சுமந்தவரா?" ஆமாம் என்று சொல்ல எனக்கு நேரமாயிற்று.

பக்கத்து ஊரிலிருந்து மெக்கானிக் ஒருவர் சைக்கிளில் வந்தார். நான்கைந்து பேர் சேர்ந்து குழாய்களை ஒவ்வொன்றாக மேலே இழுத்தோம். அதில் ஒன்றின் துண்டுதான் இது. நிலத்தடி நீரில் அமிலத்தன்மை இருந்தால் நாக முலாம் பூசிய குழாய் அரித்துவிடும். ஆப்பிரிக்காவின் பல பகுதிகளில் தண்ணீர் அப்படித்தான். துருப்பிடிக்காத எஃகோ தகுந்த பிளாஸ்டிக் குழாயோ போட்டிருக்க வேண்டும். கொஞ்சம் கூடுதல் செலவு. அதை யாரும் எங்களிடம் சொல்லவில்லை. நாங்களும் கேட்கவில்லை. பலகையில் எழுத்துப் பிழை வந்துவிடக் கூடாது என்று மட்டும் மூன்று முறை தொலைபேசியில் பேசினோம்.

அன்பர்களே, எங்களுக்கு மட்டும் நடந்ததாக நினைத்தேன். இல்லை. சஹாராவுக்குத் தெற்கே 20 நாடுகளின் கணக்கைத் திரட்டி 2009இல் வெளியிட்டபோது, கைப்பம்புகளில் 36 விழுக்காடு வேலை செய்யவில்லை என்று தெரிந்தது. பிறகு நிலைமை ஓரளவு முன்னேறியிருக்கிறது. ஆனாலும் நான்கில் ஒன்று ஓடவில்லை என்கிறார்கள். ஒவ்வொன்றின் பின்னாலும் யாரோ ஒருவர் கொடுத்த ஸதகா இருக்கிறது.

இன்னொரு சங்கதி. அந்தப் பம்பின் பெயர் இந்தியா மார்க் 2. உகாண்டாவில் யு 2 என்பார்கள். அது நம் தமிழ்நாட்டோடு சம்பந்தப்பட்டது. 1970களின் நடுவில் இந்தியக் கிராமங்களில் போட்ட கைப்பம்புகளில் நான்கில் மூன்று பழுதாகிக் கிடந்தன. ஒரு வீட்டுக்கென்று செய்த வார்ப்பிரும்புப் பம்பை ஓர் ஊரே அடித்தால் என்ன ஆகும்? மகாராஷ்டிரத்தில் சோலாப்பூரில் உருவான ஒரு பம்பை அடிப்படையாக வைத்து, யூனிசெஃப் துணையோடு புதிய பம்பை வடிவமைத்தார்கள். சென்னையில் ரிச்சர்ட்சன் அண்ட் குரூடாஸ் என்ற அரசு நிறுவனம் அதைத் தயாரித்தது. கோயம்புத்தூர் பக்கத்துக் கிராமங்களில் போட்டுச் சோதித்தார்கள். நம் ஊர்ப் பெண்கள் அடித்து அடித்து எங்கே உடைகிறது என்று கண்டுபிடித்துக் கொடுத்த பம்பு அது. பிறகு உலகமெல்லாம் போயிற்று. 1980களில் அதே கோயம்புத்தூர் பகுதியில் இன்னொரு சோதனை நடந்தது. முதல் பம்பில் ஒரு சின்ன வாஷர் மாற்ற வேண்டுமானாலும் குழாய் முழுவதையும் மேலே தூக்க வேண்டும். அதனால் குழாயைத் தூக்காமலேயே பிஸ்டனை மட்டும் வெளியே எடுக்கும்படி மார்க் 3 செய்தார்கள். கிராமத்தாரே பழுது பார்க்க முடிய வேண்டும் என்பதுதான் நோக்கம்.

திரும்பி வந்ததும் தொண்டில் சேர்ந்தேன். பெரிய அமைப்பு இல்லை. நாங்கள் பத்துப் பதினோரு பேர். ஓய்வு பெற்ற ஆசிரியர், நாசி கண்டார் கடைக்காரர், இரண்டு சீன நண்பர்கள், ஒரு மலாய் நர்ஸ். புதுக் கிணறு தோண்டுவதில்லை. யாரோ தோண்டி, பழுதாகிக் கிடக்கும் பம்புகளை எடுத்துக்கொள்கிறோம். அம்மா பம்பையும் சேர்த்து இன்று ஒன்பது.

தொண்டு என்றால் ஆப்பிரிக்காவுக்குப் போய்ப் படம் எடுத்துக்கொள்வது என்று நினைக்கும் தம்பி தங்கைகளுக்குச் சொல்கிறேன். என் வேலையில் முக்கால்வாசி இந்தக் கோல சிலாங்கூரில், சாப்பாட்டு மேசையில் நடக்கிறது. கணக்கு எழுதுவது, ரசீது சரிபார்ப்பது, "எட்டாம் எண் பம்பு கனமாக இருக்கிறது" என்று செய்தி வந்தால் அந்த வட்டார மெக்கானிக்கோடு பேசுவது. உகாண்டாவில் கைப்பம்பு மெக்கானிக்குகளுக்கு மாவட்ட வாரியாகச் சங்கம் இருக்கிறது. ஒவ்வொரு பம்புக்கும் ஊராரே ஒரு தண்ணீர்க் குழு அமைக்கிறார்கள். எங்கள் ஒன்பதில் ஏழு குழுக்களுக்குப் பெண்தான் பொருளாளர். கணக்கில் அவர்கள் என்னைவிடக் கறார்.

தப்பும் செய்தோம். முதல் முறை போனபோது ரொட்டி, பிஸ்கட், சட்டை என்று பெட்டி பெட்டியாகக் கொண்டுபோனோம். பிள்ளைகள் முட்டி மோதி ஒரு பெண் குழந்தை கீழே விழுந்து உதடு கிழிந்தது. அதோடு நிறுத்தினோம். பிறகு, ஒவ்வொரு வீடும் மாதா மாதம் சிறு தொகை கட்ட வேண்டும் என்று சொன்னோம். யாரும் கட்டவில்லை. ஏழைகள், அலட்சியம் என்று எங்களுக்குள் பேசிக்கொண்டோம். கடைசியில் ஒரு பொருளாளர் அம்மா சொன்னார்: "எங்களுக்கு மாதச் சம்பளம் யார் கொடுக்கிறார்கள்? சோளம் விற்கும்போதுதான் காசு." இப்போது அறுவடைக்கு அறுவடை வசூல். ஏறக்குறைய எல்லோரும் கட்டுகிறார்கள். தோட்டக் கடையில் கடன் நோட்டு வைத்து, சம்பள நாளன்று வசூலித்த கடைக்காரர் மகன் நான். எனக்கே இது தெரியாமல் போயிற்றே!

2020இலும் 2021இலும் கோவிட். யாரும் போக முடியவில்லை. பம்புகள் என்ன ஆகுமோ என்று பயந்தேன். ஒன்பதில் எட்டு ஓடின. ஒன்பதாவது கெட்டபோது பன்னிரண்டு நாளில் அவர்களே சரிசெய்துவிட்டுப் படம் அனுப்பினார்கள். நாங்கள் போகாமலேயே ஓடியதுதான் எங்கள் தொண்டுக்குக் கிடைத்த நல்ல மதிப்பெண்.

"ஏன் ஆப்பிரிக்கா? இங்கே கஷ்டப்படுகிறவர்கள் இல்லையா?" என்று சிலர் கேட்கிறீர்கள். நியாயமான கேள்வி. 2020 செப்டம்பரை நினைத்துப் பாருங்கள். நம் சிலாங்கூர் ஆற்றில் யாரோ கழிவைக் கொட்டினார்கள். நான்கு சுத்திகரிப்பு நிலையங்கள் நின்றன. ஏறத்தாழ 12 லட்சம் இணைப்புகளில் தண்ணீர் இல்லை. ஷா ஆலாமில் இருக்கும் என் மகள் லாரித் தண்ணீருக்கு வாளியோடு வரிசையில் நின்றாள். மூன்றாம் நாள் தொலைபேசியில் அழுதாள். "உன் பாட்டி பதினெட்டு வருடம் அப்படித்தான் நின்றார்" என்றேன். சிலாங்கூருக்கும் கோலாலம்பூருக்கும் போகும் தண்ணீரில் பாதிக்கு மேல் நம் பக்கத்து ஆறு கொடுப்பது. தண்ணீர் கஷ்டம் ஆப்பிரிக்காவுக்கு மட்டும் எழுதி வைத்தது இல்லை.

தோட்டத்திலும் பாருங்கள். 1990ஆம் ஆண்டின் தொழிலாளர் வீடமைப்பு, அடிப்படை வசதிச் சட்டப்படி, தங்கும் தொழிலாளர்களுக்கு முதலாளி போதிய குழாய்த் தண்ணீரை இலவசமாகத் தர வேண்டும். இன்று லயத்தில் இருப்பது வங்காளதேசத்துப் பிள்ளைகள், நேப்பாளிகள், இந்தோனேசியர்கள். அவர்கள் குழாயில் என்ன வருகிறது என்று நாம் எத்தனை பேர் போய்ப் பார்த்திருக்கிறோம்? நானும் போன வருடம்தான் போனேன். அங்கேயும் இங்கேயும் சேர்த்தே செய்யலாம். ஒன்றைக் காரணம் காட்டி மற்றதைச் செய்யாமல் இருக்கக் கூடாது.

இனி, சிலருக்குப் பிடிக்காத ஒன்றைச் சொல்லப் போகிறேன். பெரியவர்கள் மன்னிக்கவும்.

பொன்விழா நிதியில் ஆப்பிரிக்காவில் கிணறுகள் தோண்டி, ஒவ்வொன்றிலும் சங்கத்தின் பெயரும் கொடுத்தவர் பெயரும் பொறித்த பலகை வைக்கலாம் என்று ஒரு யோசனை செயலவையில் இருக்கிறது. நல்ல மனதோடு வந்த யோசனை. நானே அப்படி ஒரு பலகை வைத்தவன். ஆனால் கைகூப்பிக் கேட்கிறேன், அவசரப்படாதீர்கள்.

நம் மார்க்கத்தில் வக்ஃப் என்று ஒன்று இருக்கிறது. ரூமா கிணற்றை உஸ்மான் ரலியல்லாஹு அன்ஹு அவர்கள் தம் பணத்தில் வாங்கி மக்களுக்கு விட்டார்கள் என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்கிறோம். வக்ஃபுக்கு முத்தவல்லி வேண்டும். பள்ளிவாசலைக் கட்டிவிட்டு முத்தவல்லி இல்லாமல் விடுவோமா? கிணற்றை மட்டும் ஏன் விடுகிறோம்? அந்தச் சைக்கிள் மெக்கானிக்தான் அதற்கு முத்தவல்லி. மக்காவுக்குத் தண்ணீர் கொண்டுவந்த ஹாரூன் ரஷீதின் மனைவி ஸுபைதா அம்மையாரை 1,200 ஆண்டுகளாக நினைக்கிறோம். அந்தக் கால்வாய் பழுதான போதெல்லாம் யாரோ செப்பனிட்டார்கள். உஸ்மானிய சுல்தான் சுலைமானின் மகள் மிஹ்ரிமா அவர்களில் ஒருவர். வெட்டியது ஒருவர். ஓட வைத்தவர்கள் பலர்.

ஆகவே என் வேண்டுகோள் இது. புதிதாகத் தோண்டுவதற்குப் பதில், பழுதாகிக் கிடக்கும் ஐந்து பம்புகளை நம் சங்கம் பொறுப்பெடுக்கட்டும். ஒரு வருடத்துக்கு இல்லை, பத்து வருடத்துக்கு. பலகையில் நம் பெயர் வேண்டாம். மெக்கானிக்கின் தொலைபேசி எண் இருக்கட்டும். கொடுத்தவர்கள் பெயர் சங்கத்தின் கணக்குப் புத்தகத்தில் இருக்கும். அதற்கு மேல் எழுதுகிறவன் எழுதிக்கொள்வான். கணக்குப் பார்க்க இளைஞர் பிரிவிலிருந்து இருவர் வேண்டும். ஒரு ஆணும் ஒரு பெண்ணும். எனக்கு வயதாகிறது.

சின்னவர்களால் என்ன முடியும் என்று நினைக்காதீர்கள். கனடாவில் ரயன் ஹ்ரெல்ஜாக் என்ற பையனுக்கு 1998இல் ஆறு வயது. 70 டாலர் இருந்தால் கிணறு தோண்டலாம் என்று பள்ளியில் கேட்டு, வீட்டு வேலை செய்து சேர்த்துக் கொண்டுபோய்க் கொடுத்தான். தோண்டுவதற்கு 2,000 டாலர் ஆகும் என்றார்கள். சரி, இன்னும் வேலை செய்கிறேன் என்றான். 1999இல் வட உகாண்டாவில் அங்கோலோ தொடக்கப் பள்ளிக்குக் கிணறு வந்தது. அந்தப் பையன் பெயரில் தொடங்கிய அறக்கட்டளை இன்றும் நடக்கிறது. ஆறு வயதுப் பிள்ளை விடாமல் நின்றதை, ஐம்பது வயதுச் சங்கம் செய்ய முடியாதா?

ஹாலில் மாட்டியிருந்த படத்தை நான் எடுத்துவிட்டேன். அந்த இடத்தில் ஆணி மட்டும் இருக்கிறது. கேட்கிறவர்களிடம் இந்தத் துண்டைக் காட்டுகிறேன். அம்மா பம்பு இப்போது எஃகுக் குழாயோடு ஓடுகிறது, அல்ஹம்துலில்லாஹ். ஆறு மாதத்துக்கு ஒரு முறை, கெட்டாலும் கெடாவிட்டாலும், அதைத் திறந்து பார்க்கிறார்கள். அந்தச் செய்தி வரும் அன்று எனக்கு, கண்ணாடி போட்டுக்கொண்டு கயிற்றைத் தடவிப் பார்க்கும் அம்மா ஞாபகத்துக்கு வருவார்.

நம் சங்கம் ஐம்பது ஆண்டு நின்றதும் அப்படித்தான். மாதச் சந்தா வசூலித்தவர், மையித்து வேலைக்கு இரவில் எழுந்து ஓடியவர், சுராவுக் கூரையில் ஓடு மாற்றியவர் என்று எத்தனையோ பேர். பலர் பெயர் எந்தப் பலகையிலும் இல்லை. அவர்கள் அனைவருக்கும் அல்லாஹ் நற்கூலி கொடுப்பானாக. நம் முயற்சிகளை ஏற்றுக்கொள்வானாக. ஆமீன்.

பிரியாணிச் சட்டியைத் திறந்துவிட்டார்கள். மணம் வருகிறது. சாப்பிட்டுவிட்டுத் தண்ணீர் குடிக்கும்போது, இரண்டு இளைஞர்கள் என்னிடம் வந்து பெயர் கொடுங்கள். கதவோரம் நிற்பேன்.